வீட்டு ரவுட்டரில் திறந்த மூல நிலைப்பொருளை நிறுவுதல்

வீட்டு ரவுட்டரில் திறந்த மூல நிலைப்பொருளை நிறுவுதல் என்பது, தயாரிப்பு நிறுவனம் ஏற்றி அனுப்பிய மென்பொருளை நீக்கிவிட்டு, மூல நிரல் வெளிப்படையாகக் கிடைக்கும் வேறொரு மென்பொருளை அதன் இடத்தில் ஏற்றுவதாகும். கணினியில் ஓர் இயங்குதளத்தை மாற்றி வேறோர் இயங்குதளத்தை நிறுவுவதற்கு இது ஒப்பானது. இவ்வகை நிலைப்பொருள்களில் ஓப்பன்டபிள்யூஆர்டி பரவலாக அறியப்பட்டது. டிடி-டபிள்யூஆர்டி, ஃபிரெஷ்டொமேட்டோ ஆகியனவும் பயன்பாட்டில் உள்ளன. இக்கட்டுரை ஓப்பன்டபிள்யூஆர்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு நிறுவும் முறையை விளக்குகிறது.

ரவுட்டரின் வன்பொருள் பல ஆண்டுகள் பழுதின்றி உழைக்கும். ஆனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவனங்கள் அதற்கு முன்பே நிறுத்திவிடுவது வழக்கம். வீட்டுக் கருவிகள் அனைத்துக்கும் இணையத்துக்கும் இடையே வாசலாக நிற்கும் கருவி அது. அதில் திருத்தப்படாத ஓட்டை இருந்தால் அதன் பின்னால் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஆபத்து. 2018ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களிலும் பிணையச் சேமிப்பகங்களிலும் புகுந்திருந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். நல்ல நிலையில் உள்ள பழைய ரவுட்டருக்குத் தொடர்ந்து திருத்தங்கள் கிடைக்கச் செய்வதே திறந்த மூல நிலைப்பொருளின் முதன்மையான பயன்.

வரலாறு

லிங்க்சிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை வெளியிட்டது. அதன் நிலைப்பொருளில் லினக்ஸ் பயன்படுத்தப்பட்டிருப்பதை 2003ஆம் ஆண்டில் நிரலாளர்கள் கண்டறிந்தனர். லினக்ஸ் கருநிரல் குனு பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது. அந்த உரிமத்தின்படி, மென்பொருளை இரும வடிவில் வழங்குபவர் அதன் மூல நிரலையும் தர வேண்டும். இதைச் சுட்டிக்காட்டிப் பலரும் வலியுறுத்தியதால் அவ்வாண்டே மூல நிரல் வெளியிடப்பட்டது.

அந்த மூல நிரலை அடிப்படையாகக் கொண்டு 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. பெயரின் பிற்பகுதி அந்த ரவுட்டரின் பெயரிலிருந்தே வந்தது. 2005இல் வந்த அதே ரவுட்டரின் 5ஆம் பதிப்பில் லினக்ஸ் கைவிடப்பட்டு, நினைவகமும் பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய வடிவத்தை விரும்பியவர்களுக்காக, லினக்ஸுடன் கூடிய டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற மாதிரி தனியே விற்பனைக்கு வந்தது.

2016இல் திட்டத்தின் உருவாக்குநர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து லீட் என்ற பெயரில் தனியாக இயங்கினர். 2018 ஜனவரியில் இரு திட்டங்களும் மீண்டும் இணைந்தன. 2024 நவம்பரில், மென்பொருள் சுதந்திரக் காப்பமைப்பின் துணையுடன் ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்ற ரவுட்டர் வெளியானது. இந்த நிலைப்பொருளுக்கென்றே வடிவமைக்கப்பட்ட முதல் ரவுட்டர் அது.

நிலைப்பொருளின் உள்ளமைப்பு

ரவுட்டரின் ஃபிளாஷ் நினைவகம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் பகுதியில் தொடக்க ஏற்றி இருக்கும். மின்சாரம் கிடைத்ததும் முதலில் இயங்குவது இதுவே. அடுத்து கருநிரலும் கோப்பு முறைமையும் இருக்கும். இன்னொரு சிறு பகுதியில் அந்தக் கருவிக்கே உரிய மேக் முகவரியும், கம்பியில்லாச் சில்லின் அளவீட்டுத் தரவும் பதிந்திருக்கும். இத்தரவு ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக எழுதப்படுவது. அழிந்தால் இன்னொரு ரவுட்டரிலிருந்து படியெடுத்து ஈடுசெய்ய முடியாது. முறையான நிறுவல் தொடக்க ஏற்றியையும் இந்தப் பகுதியையும் தொடுவதில்லை. இடையிலுள்ள பகுதியை மட்டுமே மாற்றுகிறது.

பெரும்பாலான கருவிகளில் ஓப்பன்டபிள்யூஆர்டி தன் கோப்புகளை இரண்டு அடுக்குகளாக வைக்கிறது. கீழடுக்கு சுருக்கப்பட்டது, படிக்க மட்டுமே முடியும். பயனர் செய்யும் மாற்றங்களும் கூடுதலாக நிறுவும் தொகுப்புகளும் மேலடுக்கில் எழுதப்படுகின்றன. அச்சிட்ட தாளின்மேல் கண்ணாடித் தாளை வைத்து எழுதுவது போன்ற ஏற்பாடு இது. அமைப்புகளில் பிழை நேர்ந்தால் மேலடுக்கை அழித்தால் போதும். ரவுட்டர் நிறுவிய நாளின் நிலைக்குத் திரும்பிவிடும்.

கருவியின் பொருத்தம்

நிறுவலில் நேரும் பெரிய தவறு, பெயரை மட்டும் பார்த்துக் கோப்பைத் தேர்ந்தெடுப்பதாகும். ஒரே பெயரில் விற்கப்படும் ரவுட்டரின் உள்ளே ஆண்டுக்கு ஆண்டு வேறு சில்லுகள் இருக்கக்கூடும். டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஆர்841என் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 8 முதல் 12 வரையிலான வன்பொருள் பதிப்புகளில் குவால்காம் ஏதெரோஸ் சில்லும், 4 எம்பி ஃபிளாஷும், 32 எம்பி ரேமும் இருந்தன. 13ஆம் பதிப்பில் மீடியாடெக் சில்லும், 8 எம்பி ஃபிளாஷும், 64 எம்பி ரேமும் வந்தன. 14ஆம் பதிப்பில் நினைவகம் மீண்டும் 4 எம்பி, 32 எம்பி என்ற அளவுக்கே குறைந்தது. ஒரு பதிப்புக்கான கோப்பு மற்றொன்றில் இயங்காது. பதிப்பு எண் பெரும்பாலும் ரவுட்டரின் அடிப்பக்க ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும்.

நினைவகம்: 8 எம்பி ஃபிளாஷும் 64 எம்பி ரேமும் குறைந்தபட்சத் தேவை. வசதியாகப் பயன்படுத்த 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் வேண்டும். 4 எம்பி ஃபிளாஷ் உள்ள கருவிகளுக்குப் புதிய பதிப்புகள் வருவதில்லை.

கம்பியில்லாச் சில்லு: குவால்காம் ஏதெரோஸ், மீடியாடெக் ஆகியவற்றின் பல சில்லுகளுக்குத் திறந்த மூல இயக்கிகள் உள்ளன. பிராட்காம் சில்லுகள் பலவற்றுக்கு அத்தகைய இயக்கி இல்லாததால், அவற்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏறினாலும் வைஃபை குறையுடன் இயங்கும் அல்லது இயங்காமலே போகும். அத்தகைய கருவிகள் சிலவற்றுக்கு ஃபிரெஷ்டொமேட்டோ பொருந்தும்.

இணைய இணைப்பின் வகை: இணையச் சேவை நிறுவனம் கொடுக்கும் ஒளியிழைப் பெட்டியில் மாற்று நிலைப்பொருளை ஏற்றுவது பெரும்பாலும் இயலாது. அப்பெட்டியைப் பாலமாக மட்டும் இயங்கச் செய்து, அதன் பின்னால் சொந்த ரவுட்டரை இணைப்பதே வழக்கம்.

ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தில் உள்ள வன்பொருள் அட்டவணையில் ஒவ்வொரு மாதிரிக்கும், பதிப்புக்கும் இந்த விவரங்கள் கிடைக்கும்.

நிறுவும் முறை

கருவிக்குக் கருவி சில வேறுபாடுகள் உண்டு. பல ரவுட்டர்களுக்குப் பொதுவான படிகள் பின்வருமாறு:

1. வன்பொருள் அட்டவணையில் அந்தக் கருவிக்கான பக்கத்தை முழுவதும் படித்து, மீட்பு முறையையும் குறித்துக்கொள்ள வேண்டும். நிறுவும்போது வீட்டில் இணையம் இருக்காது. ஆகவே தேவையான பக்கங்களையும் கோப்புகளையும் முன்பே சேமித்து வைப்பது நல்லது.

2. பழைய நிலைப்பொருளில் உள்ள இணைய இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல் முதலியவற்றை எழுதி வைக்க வேண்டும். நிறுவனத்தின் அசல் நிலைப்பொருள் கோப்பையும் பதிவிறக்கி வைத்தால் திரும்பிச் செல்ல உதவும்.

3. சரியான கோப்பைப் பதிவிறக்க வேண்டும். ஒரு கருவிக்கு இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். ஃபேக்டரி என்று குறிக்கப்பட்டது, அசல் நிலைப்பொருளிலிருந்து முதன்முறை மாறுவதற்கானது. சிஸ்அப்கிரேட் என்று குறிக்கப்பட்டது, ஏற்கெனவே ஓப்பன்டபிள்யூஆர்டி உள்ள கருவியைப் புதுப்பிப்பதற்கானது. முதல் நிறுவலுக்கு ஃபேக்டரி கோப்பு வேண்டும்.

4. பதிவிறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு, தளத்தில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லையெனில் கோப்பு சிதைந்துள்ளது என்று பொருள்.

5. கணினியை லேன் கேபிள் மூலம் ரவுட்டருடன் இணைக்க வேண்டும். வைஃபை வழியாக நிறுவக் கூடாது. இணைப்பு நடுவில் அறுந்தால் கோப்பு முழுமையாகப் போய்ச் சேராது.

6. அசல் நிலைப்பொருளின் நிர்வாகப் பக்கத்தில் புதுப்பித்தல் பகுதிக்குச் சென்று கோப்பை ஏற்ற வேண்டும். சில மாதிரிகள் நீண்ட கோப்புப் பெயரை ஏற்பதில்லை. பெயரைச் சுருக்கினால் ஏற்கும்.

7. சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இவ்வேளையில் மின்சாரம் நிற்கக் கூடாது. மின்வெட்டு உள்ள இடங்களில் ரவுட்டரையும் கணினியையும் யுபிஎஸ்ஸில் இணைத்துவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பானது.

8. ரவுட்டர் மீண்டும் இயங்கியதும், உலாவியில் 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்தால் லூசி என்ற நிர்வாகப் பக்கம் தோன்றும். பயனர் பெயர் ரூட். கடவுச்சொல் இருக்காது.

அண்மைக் காலக் கருவிகள் சில, நிறுவனத்தின் மின்கையொப்பம் இல்லாத கோப்பை ஏற்க மறுக்கும். அவற்றில் மேற்கண்ட முறை பலிக்காது. தொடக்க ஏற்றி வழியாகவோ, பெட்டியைத் திறந்து தொடர்முனையம் வழியாகவோ நிறுவ வேண்டியிருக்கும்.

முதல் அமைப்புகள்

முதலில் செய்ய வேண்டியது கடவுச்சொல் இடுவது. அடுத்து, வெளி இணைப்புக்குரிய விவரங்களை நிரப்ப வேண்டும். பெரும்பாலான கருவிகளில் நிறுவியவுடன் வைஃபை அணைக்கப்பட்டே இருக்கும். கடவுச்சொல் இல்லாத பிணையம் அக்கம்பக்கத்தாருக்குத் திறந்து கிடக்கக் கூடாது என்பதே இதற்குக் காரணம். ரவுட்டர் கெட்டுவிட்டதாகப் புதியவர்கள் அஞ்சுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வைஃபையை இயக்குமுன் நாட்டுக் குறியீட்டைச் சரியாக இட வேண்டும். பயன்படுத்தத்தக்க அலைவரிசைகளும் அலைபரப்பின் திறனும் நாட்டுக்கு நாடு வேறுபடும். வேறு நாட்டின் குறியீட்டை இட்டுத் திறனைக் கூட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ரேடாருடன் பகிரப்படும் அலைவரிசைகளைத் தேர்ந்தெடுத்தால், ரேடார் உள்ளதா என்று ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் கவனித்த பிறகே வைஃபை தோன்றும்.

பயன்கள்

பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அடுத்து, பலரும் உணரும் பயன் நெரிசல் கட்டுப்பாடாகும். ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது மற்றவரின் காணொளி அழைப்பு திக்கித் திணறுவது பல வீடுகளில் காணப்படும் குறை. ரவுட்டரிலோ மோடத்திலோ தரவுப் பொட்டலங்கள் நீண்ட வரிசையில் தேங்குவதே காரணம். ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்க்யூஎம் என்ற தொகுப்பை நிறுவி, அளந்தறிந்த வேகத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை வரம்பாக வைத்தால், வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டுக்குள் வரும். கேக் என்ற நெறிமுறை ஒவ்வோர் இணைப்புக்கும் முறை வைத்து இடம் கொடுக்கும். உச்ச வேகம் சிறிது குறையும்; தாமதம் பெரிதும் குறையும். இதற்குச் செயலியின் உழைப்பு தேவை என்பதால், வேகமான இணைப்புகளில் பழைய ரவுட்டர்கள் திணறக்கூடும்.

விருந்தினருக்குத் தனிப் பிணையம், விளம்பரத் தடுப்பு, ஒயர்கார்டு மெய்நிகர் தனியார் பிணையம் ஆகியவற்றையும் அமைக்கலாம். மாணவர்களுக்கு இது லினக்ஸும் பிணையவியலும் கற்கும் மலிவான ஆய்வுக்கூடம்.

பழுதும் மீட்பும்

நிறுவல் தவறி ரவுட்டர் இயங்காமல் போவதைப் பேச்சுவழக்கில் "பிரிக்" ஆவது என்பர். செங்கல் போல் கிடப்பது என்று பொருள். எனினும் இயங்காத ரவுட்டர் எல்லாம் செத்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. எந்த அடுக்கு கெட்டது என்பதைப் பொறுத்து மீட்பு முறை அமைகிறது.

அமைப்புகள் மட்டும் கெட்டிருந்தால் காப்பு நிலை உதவும். ரவுட்டர் தொடங்கும்போது விளக்கு மினுங்கும் சில விநாடிகளில் பொத்தானை அழுத்தினால், மேலடுக்கைத் தொடாமல் கீழடுக்கு மட்டும் இயங்கும். கணினிக்கு 192.168.1.2 போன்ற நிலையான முகவரியைக் கொடுத்து உள்நுழைந்து, மேலடுக்கை அழிக்கலாம்.

நிலைப்பொருளே கெட்டிருந்தால் தொடக்க ஏற்றியின் துணை வேண்டும். பல டிபி-லிங்க் மாதிரிகளில் ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், ரவுட்டர் 192.168.0.66 என்ற முகவரியில் உள்ள கணினியிடம் குறிப்பிட்ட பெயருடைய கோப்பை டிஎஃப்டிபி வழியாகக் கேட்கும். அக்கோப்பைத் தயாராக வைத்திருந்தால் தானே ஏற்றிக்கொள்ளும்.

தொடக்க ஏற்றியால் இதையும் செய்ய இயலாதபோது, தொடர்முனையம் வழியாக முயலலாம். தொடக்க ஏற்றியே அழிந்திருந்தால் ஃபிளாஷ் சில்லில் நேரடியாக எழுதும் கருவி வேண்டும். இது பயிற்சி உள்ளவர்களுக்கே உரியது.

பராமரிப்பு

மாற்று நிலைப்பொருளை ஒருமுறை நிறுவிவிட்டு மறந்துவிட்டால் நோக்கம் நிறைவேறாது. புதிய முதன்மைப் பதிப்பு வந்த சில மாதங்களில் பழைய பதிப்புக்கான திருத்தங்கள் நின்றுவிடும். புதுப்பிக்கும் முன் அமைப்புகளைக் காப்புப் பிரதி எடுத்து, வெளியீட்டுக் குறிப்பைப் படிக்க வேண்டும். 2021இல் வந்த 21.02 பதிப்பில், பல கருவிகளில் பழைய அமைப்புகளை அப்படியே கொண்டுசெல்ல இயலவில்லை. தனியாக நிறுவிய தொகுப்புகள் பொதுவாகப் புதுப்பித்தலின்போது நீங்கிவிடும் என்பதால், அவற்றின் பட்டியலையும் வைத்திருக்க வேண்டும்.

சட்டமும் உத்தரவாதமும்

மாற்று நிலைப்பொருளை ஏற்றிய கருவிக்கு உத்தரவாதம் தர நிறுவனம் மறுக்கக்கூடும். எனவே உத்தரவாதக் காலம் முடிந்த ரவுட்டரில் முதலில் பழகுவது தக்கது.

அலைபரப்பு விதிகளும் இதில் குறுக்கிடுகின்றன. அமெரிக்காவில் அனுமதித்த அளவுக்கு மேல் திறன் கூட்ட இடமளித்ததற்காக, டிபி-லிங்க் நிறுவனம் 2016இல் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு 2 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதே உடன்பாட்டில், பிறர் உருவாக்கிய நிலைப்பொருளை ஏற்கும் வகையிலான பாதுகாப்பு முறைகளை ஆராயவும் இசைந்தது. அலைபரப்பு வரம்பைக் காப்பதும், கருவியின் மென்பொருளை மாற்றும் உரிமையை உரிமையாளருக்கு விட்டுவைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு இவ்வுடன்பாடு ஒரு சான்றாகும்.