பூனை வாயில் கரையும் பல்

ஈஜிபுராவிலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். 9 வயதுப் பூனை, மடியில் ஏறிப் படுத்தாலே வாய் நாறுகிறதாம். மீன் போடுவதை நிறுத்தியும் போகவில்லையாம். போகாது. மீன் வாடை சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். நாள் முழுக்க நாறினால், ஈற்றோரம் குடியேறிய பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து விடும் கந்தக வாயுதான் பெரும்பாலும் காரணம். பல்லில் படியும் அந்தப் பாக்டீரியாப் படலம் சில நாட்களிலேயே காரையாக இறுகிவிடும். மூச்சில் அம்மோனியா நெடி அடித்தால் மட்டும் சிறுநீரகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

என்னை வெகுகாலமாக வியக்க வைப்பது வேறொன்று. பூனைக்கு நம்மைப் போல் சொத்தைப்பல் வருவது அபூர்வம். ஆனால் அதன் 30 பற்களில் சிலவற்றை அதன் உடம்பே கரைத்துவிடும்! குட்டிப் பருவத்தில் பால்பல்லின் வேரைக் கரைத்து விழவைக்கும் செல்கள் உண்டல்லவா, அதே வகைச் செல்கள் வளர்ந்த பூனையிலும் கிளம்பி நல்ல பல்லை அரிக்கின்றன. ஏன் என்பது அறிவியலுக்கு இன்னும் பிடிபடவில்லை. அடிக்கடி மாட்டுவது கீழ்த்தாடையில் கோரைப்பல்லை அடுத்த பல். எங்கள் ஊர் வீட்டின் கதவு நிலையில் கறையான் ஏறியபோது மேற்பூச்சு அப்படியே இருந்தது, அழுத்தினால் விரல் உள்ளே போனது. இந்தப் பல்லும் அப்படித்தான். குழியின் மேல் ஈறு சிவந்து வளர்ந்து மூடிவிடும், வேரின் கதி எக்ஸ்ரேயில்தான் தெரியும். அடைத்துப் பயனில்லை, எடுக்கத்தான் வேண்டும். மயக்கத்தில் கிடக்கும் பூனைக்குக்கூட அங்கே தொட்டால் தாடை நடுங்குவதுண்டு.

அத்தனை வலியோடும் அது தின்னும். 'தின்கிறதே, அப்புறம் என்ன' என்று விட்டுவிடுகிறோம். ஒரு பக்கமாகத் தலை சாய்த்து மெல்லும், கவ்வியதைக் கீழே போடும், தாடையைத் தொட்டால் சீறும். முரட்டுப் பூனை என்று பெயர் வைத்து விரட்டுகிறோம். பெரிய அநியாயம் இது.

வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறிக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, ஒரே மாத்திரை உயிரைக் குடிக்கும். நம் பற்பசையும் ஆகாது, பூனைக்குத் துப்பத் தெரியாது.

ஹெப்பாலில் 1958இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஈஜிபுராவிலிருந்து ஊரைக் கடந்து போக வேண்டும். பக்கத்து மருத்துவரிடம் போவதானால், பல்லுக்கு எக்ஸ்ரே எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். மயக்கம் கொடுக்காமல் காரையைச் சுரண்டினால் பல் வெள்ளையாகும், ஈற்றுக்கடியில் உள்ள நோய் அப்படியே கிடக்கும். 9 வயது என்பதால் மயக்கத்துக்கு முன் ரத்தப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.