பெட்ரோலில் 2 பைசா, வீட்டு வரியில் ஒரு நிபந்தனை: மத்திய-மாநில நிதிச் சண்டை திருச்சிக்கு ஏன் முக்கியம்?

2024 ஜனவரி 2. திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் திறப்பு விழா. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய முனையம். மேடையில் பிரதமர் மோடி, முதல்வர் ஸ்டாலின் இருவரும் இருந்தார்கள். டிசம்பர் மழை வெள்ளத்தைத் தேசியப் பேரிடராக அறிவித்து நிதி கொடுங்கள் என்று முதல்வர் கேட்டார். அடுத்துப் பேசிய பிரதமர் வேறொரு கணக்கு சொன்னார். 2014-க்கு முந்தைய 10 ஆண்டுகளில் மாநிலங்களுக்குப் போனது சுமார் 30 லட்சம் கோடி, அடுத்த 10 ஆண்டுகளில் 120 லட்சம் கோடி, தமிழகத்துக்கும் இரண்டரை மடங்கு கூடுதலாக வந்திருக்கிறது என்றார்.

ஒருத்தர் 'பணம் வரலை' என்கிறார். இன்னொருத்தர் 'நிறைய கொடுத்திருக்கோம்' என்கிறார். யார் சொல்றது உண்மை?

ரெண்டுமே உண்மையாக இருக்க முடியும். அதனால்தான் இந்தச் சண்டை முடியவே மாட்டேங்குது. இதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: மொத்தத் தொகை, அதில் நம் பங்கு, அந்தப் பணத்தோடு வரும் நிபந்தனை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி குறையும்.

முதலில், வரி எப்படிப் பிரிகிறது?

வருமான வரி, கம்பெனி வரி, சுங்க வரி எல்லாவற்றையும் வசூலிப்பது மத்திய அரசு. அதில் ஒரு பகுதியை மாநிலங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். எவ்வளவு என்பதை 5 ஆண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக் குழு பரிந்துரைக்கும். அரசியல் சாசனத்தின் 280-வது பிரிவு சொல்லும் ஏற்பாடு இது.

2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கான 15-வது நிதிக் குழு, பகிர வேண்டிய தொகுப்பில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்றது. அந்த 41 சதவீதத்தை எல்லா மாநிலங்களும் பங்கு போட்டுக்கொள்ளும்போது தமிழகத்துக்குக் கிடைத்தது 4.079 சதவீதம். உத்தரப் பிரதேசத்துக்கு 17.939, பீகாருக்கு 10.058.

1990-களின் தொடக்கத்தில், 9-வது நிதிக் குழு காலத்தில், தமிழகத்தின் பங்கு 7.931 சதவீதமாக இருந்தது. 2011 கணக்கெடுப்புப்படி நாட்டு மக்கள்தொகையில் தமிழகம் சுமார் 6 சதவீதம். பங்கு அதையும்விடக் கீழே போய்விட்டது.

இப்போது திருச்சி மேடைக்குத் திரும்பினால் முடிச்சு அவிழும். பொருளாதாரம் வளரும்போது வரி வசூலும் வளரும், விலைவாசியும் ஏறும். அதனால் ரூபாய்க் கணக்கில் தொகை கூடிக்கொண்டேதான் போகும். பிரதமர் சொன்னது தொகை. தமிழகம் பேசுவது பங்கு. கேக் பெரிதாகும்போது, நம் துண்டு சதவீதத்தில் சுருங்கினாலும் எடையில் கூடத்தான் செய்யும்.

பங்கு ஏன் குறைந்தது?

15-வது நிதிக் குழு அதிக மதிப்பு கொடுத்தது 'வருமான இடைவெளி' என்ற அளவுகோலுக்கு. அதற்கு மட்டும் 45 சதவீதம். சிம்பிளாகச் சொன்னால், தனிநபர் வருமானம் குறைவாக இருக்கும் மாநிலத்துக்கு அதிகப் பங்கு. தமிழகம் தொழில், கல்வி, சுகாதாரத்தில் முன்னேறியதால் அந்த அளவுகோலில் பின்தங்குகிறது. பிறப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5 சதவீத மதிப்பு உண்டு. ஆனால் 45-க்கு முன் அது சின்னது.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பீகாரில் பிறக்கும் குழந்தைக்கும் பள்ளி, ஆஸ்பத்திரி வேண்டும். தமிழகத்துக்குள்ளேயும் சென்னை, கோவையில் வசூலாகும் வரி பின்தங்கிய மாவட்டங்களுக்குப் போகத்தான் செய்கிறது. தமிழகம் கேட்பது வேறு: கொடுப்பதற்கு ஓர் அளவு வேண்டாமா, நன்றாகச் செயல்பட்டதே தண்டனையாகலாமா?

'29 பைசா' கணக்கு சரியா?

தமிழகம் ஒரு ரூபாய் வரி கொடுத்தால் 29 பைசாதான் திரும்புகிறது என்ற வாக்கியத்தை மேடைகளிலும் மீம்ஸ்களிலும் பார்த்திருப்பீர்கள். மனதில் பதியும் வரி. ஆனால் இந்தக் கணக்கில் ஓட்டை உண்டு, அதுவும் இரண்டு பக்கமும்.

திருவெறும்பூர் பெல் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாய்லர் தயாராவது திருச்சியில், உழைப்பு திருச்சித் தொழிலாளர்களுடையது. ஆனால் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் டெல்லியில். அதன் கம்பெனி வரி தமிழகத்தின் பெயரில் ஏறாது. மாறாக, சென்னையில் தலைமையகம் வைத்து நாடு முழுக்க விற்கும் கம்பெனியின் வரி முழுசும் தமிழகத்தின் பெயரில் ஏறிவிடும். ஆக, எந்த மாநிலம் எவ்வளவு கொடுத்தது என்பதைப் பைசா சுத்தமாகச் சொல்வது கஷ்டம். பங்கு சுருங்கியது நிஜம். 29 என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும்.

மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். இந்தப் புகாருக்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்: பங்கை முடிவு செய்வது நிதிக் குழு, நிதியமைச்சரின் விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை. அது சரிதான். ஆனால் நிதிக் குழுவின் கைக்கே வராத பணமும் இருக்கிறது.

பெட்ரோல் பங்க்கில் ஒரு கணக்கு

அந்தப் பணத்தின் பெயர் செஸ், சர்சார்ஜ். மத்திய அரசு இவற்றை மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. மத்திய அரசின் மொத்த வரி வருவாயில் இவற்றின் அளவு 2011-12-ல் சுமார் 10 சதவீதம். 2020-21-ல் சுமார் 20 சதவீதம்.

ஒரு லிட்டர் பெட்ரோலை வைத்துப் பார்ப்போம். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு மத்திய அரசின் வரி லிட்டருக்கு 19 ரூபாய் 90 காசாக இருந்தது. இதில் அடிப்படை உற்பத்தி வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. பகிர வேண்டியது அது மட்டும்தான். மீதி 18 ரூபாய் 50 காசு செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயரில் முழுசாக டெல்லிக்குப் போனது.

1 ரூபாய் 40 காசில் 41 சதவீதம் என்றால் 57 பைசா. அது எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அதில் தமிழகத்தின் 4.079 சதவீதம் என்றால் சுமார் 2.3 பைசா. 41 சதவீதப் பகிர்வு என்று காதில் விழுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தமிழக அரசு பெட்ரோலில் வாட் வரியைத் தனியாக வசூலிக்கிறது. 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்த பிறகும் 13 சதவீதம், அதோடு 11 ரூபாய் 52 காசு. மாநில அரசு தன் இஷ்டப்படி கூட்டிக் குறைக்கக்கூடிய வரிகள் இன்று பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி என்று சிலதான். அதனால் அவற்றை எந்த மாநிலமும் லேசில் விட்டுக்கொடுக்காது.

ஜிஎஸ்டியில் யாருக்கு எவ்வளவு ஓட்டு?

2017 ஜூலை 1-க்கு முன் பெரும்பாலான பொருள்களுக்கு விற்பனை வரியை நிர்ணயித்தது மாநில அரசு. இப்போது அதை முடிவு செய்வது ஜிஎஸ்டி கவுன்சில். அங்கே மத்திய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்றாகக் கைதூக்கினாலும் 67 சதவீதத்தைத் தாண்டாது. மத்திய அரசு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மத்திய அரசாலும் மாநிலங்களின் துணை இல்லாமல் எதையும் நிறைவேற்ற முடியாது.

வருவாய் இழப்பை ஈடுகட்ட ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி என்ற கணக்கில் கொடுத்த இழப்பீடும் 2022 ஜூன் மாதத்தோடு நின்றுவிட்டது.

ஸ்ரீரங்கத்து வீட்டு வரிக்கும் டெல்லிக்கும் என்ன சம்பந்தம்?

இதுவரை பார்த்தது தொகையும் பங்கும். மூன்றாவது விஷயமான நிபந்தனைதான் நேராக வீட்டு வாசலுக்கு வருவது.

1994-ல் திருச்சி மாநகராட்சி உருவானபோது ஸ்ரீரங்கம் அதோடு இணைந்தது. அங்கே சொந்த வீடு வைத்திருப்பவர்கள் சொத்து வரி கட்டுவது மாநகராட்சிக்கு. 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு.

அப்போது நகராட்சி நிர்வாகத் துறை அமைச்சராக இருந்தவர் திருச்சி மேற்கு எம்எல்ஏ கே.என்.நேரு. அரசு தரப்பு சொன்ன முக்கியக் காரணம், 15-வது நிதிக் குழுவின் நிபந்தனை. நகர உள்ளாட்சிகளுக்கான மானியம் வேண்டுமென்றால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலைக் கூட்டவும் வேண்டும் என்று அந்தக் குழு சொல்லியிருந்தது.

உள்ளாட்சிகள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்ற நோக்கம் தப்பில்லை. ஆனால் சொத்து வரி உள்ளாட்சி சம்பந்தப்பட்டது, அதற்குச் சட்டம் போடுவது மாநிலம். அதில் டெல்லி கைவைத்தது சட்டத்தால் அல்ல, மானியத்தின் வழியாக. எவ்வளவு உயர்த்துவது என்ற முடிவு மாநில அரசுடையது. வரியைக் கட்டுபவர் யாரைக் கேள்வி கேட்பது? சென்னை டெல்லியைக் காட்டும். டெல்லி சென்னையைக் காட்டும்.

இன்னும் கூர்மையான உதாரணம் பள்ளிக்கல்வி. சமக்ர சிக்ஷா திட்டத்தில் மத்திய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் போட வேண்டும். 2024-25-க்கான மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. பிஎம் ஸ்ரீ திட்டத்தில் தமிழகம் கையெழுத்துப் போடவில்லை, அதில் புதிய கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கும் ஷரத்து இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. முதலில் சம்மதித்துக் கடிதம் எழுதிவிட்டுப் பின்வாங்கியது தமிழகம்தான் என்கிறது மத்திய அரசு. மும்மொழியைப் பணத்தைக் காட்டித் திணிக்கப் பார்க்கிறார்கள் என்கிறது தமிழகம். 2025 மே மாதம் வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

பாதிப்பு கண்ணுக்குத் தெரிந்த இடம், கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்கான 25 சதவீத இடங்கள். 2025-26-க்கான சேர்க்கை ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன் முடியாமல், அக்டோபர் வரை தள்ளிப்போனது.

இது திமுக-பாஜக சண்டை மட்டுமா?

அப்படி நினைத்தால் திருச்சியின் வரலாறே மறுக்கும். மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி என்ற முழக்கத்தைக் கருணாநிதி முன்வைத்தது 1970-ல் நடந்த திருச்சி மாநாட்டில். அப்போது டெல்லியில் காங்கிரஸ் ஆட்சி. மத்திய-மாநில உறவை ஆராய 1969-ல் அமைத்த ராஜமன்னார் குழு 1971-ல் அறிக்கை கொடுத்தது.

2012 டிசம்பரில், டெல்லி தேசிய வளர்ச்சிக் கவுன்சில் கூட்டத்தில் பேச 10 நிமிடம்தான் என்றதும், முதல்வர்களின் குரலை நெரிக்கிறார்கள் என்று வெளிநடப்பு செய்தார் ஜெயலலிதா. அப்போது அவர் ஸ்ரீரங்கம் தொகுதி எம்எல்ஏ. 2016 ஆகஸ்டில் ஜிஎஸ்டி திருத்தத்துக்கான ஓட்டெடுப்பில் மாநிலங்களவையிலிருந்து வெளியேறியதும் அதிமுகதான். கட்சி மாறினாலும் கோட்டையில் உட்காருபவர் பாடும் பல்லவி பெரும்பாலும் இதுதான்.

அடுத்து என்ன?

அர்விந்த் பனகாரியா தலைமையிலான 16-வது நிதிக் குழு 2024 நவம்பரில் சென்னை வந்தபோது, மாநிலங்களின் பங்கை 50 சதவீதமாக்கச் சொன்னது தமிழகம். 2026 பட்ஜெட்டோடு வெளியான அறிக்கை 41-லேயே நிறுத்தியது. நாட்டின் உற்பத்தியில் மாநிலத்தின் பங்களிப்பு என்ற புது அளவுகோலைச் சேர்த்தாலும், தமிழகத்தின் பங்கு 4 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அடுத்த 5 ஆண்டுக்கு இதுதான் கணக்கு.

அதனால் இனி யாராவது 'இத்தனை ஆயிரம் கோடி கொடுத்தோம்' என்றோ 'ஒண்ணுமே தரலை' என்றோ சொன்னால், அது வரிப் பகிர்வா, திட்ட நிதியா என்று முதலில் பாருங்கள். வரிப் பகிர்வில் வரும் ரூபாயைக் காலை உணவுக்குச் செலவழிப்பதா, ரோட்டுக்கா என்று மாநிலம் முடிவெடுக்கலாம். திட்டத்தில் வரும் ரூபாய்க்கு முடிவு முன்பே எழுதி வந்துவிடும்.

அதே கேள்வி தமிழகத்துக்குள்ளும் உண்டு. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. அது எந்த அளவுக்கு நிபந்தனை இல்லாமல் வருகிறது, சொத்து வரியை நிர்ணயிப்பதில் மாமன்றத்துக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று திருச்சி மாநகராட்சி சென்னையிடம் கேட்டால், சென்னை டெல்லியிடம் வைக்கும் அதே வாதங்களைத்தான் அதுவும் வைக்க வேண்டியிருக்கும்.