குடிநோய்க்கு மருத்துவம் எங்கே?

காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்றும் தெரியும். குடியை விட முடியாமல் ஒருவர் தவித்தால் எங்கே போவது? பல ஊர்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிவதில்லை. சிலர் கோயிலில் கயிறு கட்டுகிறார்கள். சிலர் சுவரொட்டியைப் பார்த்து முன்பின் தெரியாத இடத்தில் பணம் கட்டுகிறார்கள். பலர் எங்கேயும் போவதில்லை.

டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதன் அறிக்கை 2019இல் வெளிவந்தது. குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5 கோடியே 70 லட்சம் பேர் என்று அது சொன்னது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்தான்.

அந்த ஒருவர் போக, மீதி 37 பேர் எங்கே போவது? கிராமத்தில் இருப்பவருக்கும் வழி உண்டு. அந்த வழி பெரும்பாலும் பக்கத்து அரசு மருத்துவமனையில் தொடங்குகிறது.

கடையை மூடினால் போதுமா?

ஆந்திரத்தில் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஓர் ஊர். அங்கே அறிவொளி வகுப்பில் பெண்கள் எழுத்துக் கற்றார்கள். பாடப் புத்தகத்தில் குடியால் சீரழிந்த குடும்பத்தின் கதை இருந்தது. அது தங்கள் வீட்டுக் கதை என்று அவர்கள் கண்டார்கள். கூடிப் பேசினார்கள். சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992இல் அந்தப் போராட்டம் ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995இல் முழு மதுவிலக்கே வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது.

கடை மூடப்படும், மறுபடி திறக்கப்படும். ஆனால் உடம்பு குடிக்குப் பழகிப் போனவருக்குக் கடை மூடினாலும் தொல்லை, திறந்தாலும் தொல்லை. அவருக்கு மருத்துவம் வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டம் காடும் மலையும் நிறைந்தது. மக்கள் போராடியதால் அங்கே 1993இல் மதுவிலக்கு வந்தது. கள்ளச் சாராயம் மட்டும் போகவில்லை. 2016இல் அங்கே 'முக்திபத்' என்ற திட்டம் தொடங்கியது. ஊர்க் குழுக்கள் சாராயத்தைத் தடுத்தன. அதோடு தாலுகா ஊர்களில் குடிநோய்க்குச் சிகிச்சையும் தரப்பட்டது. இரண்டும் சேர்ந்தால்தான் பலன் என்று கண்டதால் இப்படிச் செய்தார்கள்.

இது நோயா, கெட்ட புத்தியா?

இது நோய். தினமும் குடித்துக் குடித்து மூளையும் நரம்பும் அதற்குப் பழகிவிடுகின்றன. பிறகு குடிக்காவிட்டால் உடம்பு வேலை செய்ய மறுக்கிறது. காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. ஒரு டம்ளர் உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது. "இனிமேல் தொட மாட்டேன்" என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். சத்தியம் செய்தபோது அவர் பொய் சொல்லவில்லை. அவர் உடம்பு அவரை விடவில்லை.

ஆண்களுக்கு மட்டும் வருவதில்லை இந்த நோய். குடிக்கும் பெண்களும் உண்டு. ஊர் ஏசும் என்ற பயத்தில் அவர்கள் மருத்துவரிடம் போவதே இல்லை.

திடீரென நிறுத்தினால் ஆபத்து உண்டா?

உண்டு. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல ஆண்டுகள் தினமும் குடித்தவரை வீட்டில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்துவது சில ஊர்களில் வழக்கம். இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கை நடுங்கும். வியர்க்கும். வாந்தி வரும். தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். இல்லாத ஆளோடு பேசுவார். இது பேயோ பில்லி சூனியமோ இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 108 ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். 108 இல்லாத இடத்தில் 112க்குப் பேசலாம்.

டாக்டர் பார்த்துக்கொண்டால் இந்த ஆபத்து மிகவும் குறையும். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க மாத்திரை உண்டு. சில நாள் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். வைட்டமின் பி1 சத்தும் கொடுப்பார்கள். குடிப்பவர் உடம்பில் இந்தச் சத்து வற்றிப் போயிருக்கும். அது இல்லாவிட்டால் மூளை கெடும்.

எங்கே போய்க் கேட்பது?

முதல் இடம்: ஆரம்ப சுகாதார நிலையம். ஊரின் ஆஷா பணியாளரிடமோ சுகாதாரச் செவிலியரிடமோ முதலில் சொல்லலாம். துணை நிலையங்கள் பலவற்றில் இப்போது 'ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்' என்று பலகை இருக்கும். அங்கே எல்லாச் சிகிச்சையும் கிடைக்காது. ஆனால் உடம்பைச் சோதிப்பார்கள். மேல் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் இடம்: மாவட்ட அரசு மருத்துவமனை. அங்கே 'மனநலப் பிரிவு எங்கே?' என்று கேட்க வேண்டும். பைத்தியம் பிடித்தவர்கள் மட்டும் போகும் இடம் அது என்று நினைக்கக் கூடாது. குடிநோய்க்கும் அங்கேதான் பார்ப்பார்கள். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் 4 மாவட்டங்களில் தொடங்கியது. இப்போது நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களுக்கு அது வந்திருக்கிறது. சில மாவட்டங்களில் டாக்டர் குறிப்பிட்ட நாளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கும் வருவார். எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு போனால் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

மூன்றாம் இடம்: மறுவாழ்வு மையம். மத்திய சமூகநீதி அமைச்சகம் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தந்து இந்த மையங்களை நடத்த உதவுகிறது. இங்கே சில வாரம் தங்க வேண்டியிருக்கும். மருந்தோடு ஆலோசனையும் உண்டு. குடும்பத்தாரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். எல்லோருக்கும் தங்கிப் பார்க்கும் சிகிச்சை தேவைப்படாது. பலர் வீட்டிலிருந்தபடியே போய்வந்து குணமடைகிறார்கள். எது வேண்டும் என்று டாக்டர் சொல்வார்.

போனில் கேட்க முடியுமா?

முடியும். இரண்டு எண்களை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

14446: இது போதையிலிருந்து மீள உதவும் தேசிய எண். பக்கத்தில் எந்த மையம் இருக்கிறது என்று இங்கே கேட்கலாம்.

14416: இதன் பெயர் டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழிலும் பேசலாம்.

இரண்டுக்கும் கட்டணம் இல்லை. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. மனைவி பேசலாம். மகன் பேசலாம். பேசும்போது மாவட்டம், தாலுகா, எத்தனை ஆண்டாகக் குடிக்கிறார், வலிப்பு வந்ததுண்டா என்பதைச் சொல்ல வேண்டும்.

ஊருக்கே சிகிச்சை வருமா?

வந்திருக்கிறது. சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையத்தின் டி.டி.கே. மருத்துவமனை, 1989இல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் நடத்தத் தொடங்கியது. அந்த ஊர் இப்போது திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது. நகரத்துக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு ஊரிலேயே சிகிச்சை கிடைத்தது. ஊர்ப் பெரியவர்களும் துணை நின்றார்கள்.

பஞ்சாபில் வேறு கஷ்டம். அங்கே அபின், ஹெராயின் பழக்கம் அதிகம். 2017 முதல் பஞ்சாப் அரசு தன் மருத்துவமனைகளில் தனிச் சிகிச்சை நிலையங்களைத் திறந்தது. அங்கே படுக்க வைப்பதில்லை. மாத்திரை தருகிறார்கள். வாங்கிக்கொண்டு வயலுக்கு வேலைக்குப் போகலாம். அபின், ஹெராயினை விட்டவர் ஒன்றை மறக்கக் கூடாது. விட்ட பிறகு உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.

வழக்குப் போடுவார்கள் என்று பயந்து பலர் வருவதில்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பயன்படுத்தியதற்கோ சிறு அளவு வைத்திருந்ததற்கோ வழக்கில் சிக்கியவர், தானே முன்வந்து அரசு ஏற்ற இடத்தில் சிகிச்சை பெறலாம். அவருக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால் சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது.

ஏமாறாமல் இருப்பது எப்படி?

'தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள், மூன்று நாளில் குடியை மறப்பார்' என்று பொடி விற்கிறார்கள். வாங்கக் கூடாது. அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் மருந்து சிலவற்றை டாக்டர்களே தருவதுண்டு. அதை நோயாளியிடம் சொல்லித்தான் தருவார்கள். தெரியாமல் கொடுத்து, அவர் மேலே குடித்தால் உயிருக்கே ஆபத்து.

சில தனியார் இடங்களில் ஆட்களை அடைத்து வைத்து அடிக்கிறார்கள். நிலத்தை விற்றுப் பணம் கட்டிய குடும்பத்துக்கு அடிபட்ட ஆள் திரும்பி வருகிறார். அதனால் சேர்க்கும் முன் இவற்றைக் கேட்க வேண்டும்:

• அரசிடம் பதிவு செய்த சான்று இருக்கிறதா? காட்டுவார்களா?
• டாக்டர் யார்? எந்தெந்த நாளில் வருவார்?
• மொத்தம் எவ்வளவு செலவு? ரசீது உண்டா?
• தங்கும் அறையைக் குடும்பத்தார் பார்க்கலாமா?
• உள்ளே இருப்பவரோடு போனில் பேசலாமா?

'பார்க்கக் கூடாது, பேசக் கூடாது' என்று சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடிநோயாளிக்கும் பொருந்தும். சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. கொடுமை நடந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் புகார் செய்யலாம். அதன் எண் 15100. பெண்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். குடித்துவிட்டு வந்து அடிக்கும் வீட்டில் மாட்டிக்கொண்ட பெண் 181க்குப் பேசலாம். கணவர் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் வரை அவர் அடி வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

திரும்பி வந்த பிறகு

மருந்தால் உடம்பு சில நாளில் தேறும். மனம் தேறப் பல மாதம் ஆகும். பழைய கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். கூலி வாங்கும் மாலை நேரம் கஷ்டமாக இருக்கும். திருவிழா, கல்யாணம், சாவு வீடு எல்லாமே சோதனைதான். 'ஒரு நாள்தானே' என்று ஊற்றிக் கொடுப்பவர்தான் அவருக்கு முதல் எதிரி.

சிலர் மறுபடி குடித்துவிடுவார்கள். 'பட்ட பணமெல்லாம் வீண்' என்று வீட்டார் இடிந்து போவார்கள். வீண் இல்லை. சர்க்கரை ஏறினால் மறுபடி டாக்டரிடம் போவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். சண்டை போடாமல் உடனே அழைத்துப் போக வேண்டும். டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் போய் வந்தால் இந்தச் சறுக்கல் குறையும். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டம் பல நகரங்களில் நடக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

ஊரும் ஒன்று செய்யலாம். எழுத்துத் தெரிந்த யாராவது பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் நான்கு வரி எழுதி வைக்கலாம். 14446, 14416 என்ற எண்கள். மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவு இயங்கும் நாள், நேரம். போகும் பஸ்ஸின் நேரம். உடன் வரத் தயாராக இருப்பவர் பெயர். விடியற்காலையில் கை நடுங்க உட்கார்ந்திருக்கும் ஒருவர் இன்று போவோமா, நாளை போவோமா என்று யோசிப்பார். நாளைக்குள் அவர் மனம் மாறிவிடலாம். எங்கே போவது என்று அப்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கூடிப் பேசுங்கள்

1. நம் மாவட்ட மருத்துவமனையில் மனநல டாக்டர் எந்த நாட்களில் இருப்பார்? யார் போய்க் கேட்டு வருவது?
2. குடித்துக்கொண்டிருந்தவரைத் திடீரெனப் பூட்டி வைத்தால் என்ன ஆகும்?
3. மறுவாழ்வு மையத்தில் சேர்க்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் எவை?
4. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவருக்கு அண்டை வீட்டார் எப்படி உதவலாம்?