நீரிறைக்கும் எஞ்சினை ஆபத்தின்றி இயக்கிப் பேணுதல்

துலா மிதித்து நீர் இறைத்த தோட்டங்களில், 1950ஆம், 1960ஆம் ஆண்டுகளை அண்டிய காலத்தில் சிறிய எஞ்சின்கள் அவ்வேலையை ஏற்கத் தொடங்கின. மின்சாரம் எட்டாத தோட்டங்களிலும், வாய்க்கால் நீர் ஏறாத மேட்டு வயல்களிலும் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ இயங்கும் எஞ்சின் இன்றும் கமக்காரருக்குக் கைகொடுத்து வருகின்றது. இதனை இயக்குதல் எளிது. ஆயினும் இதன் புகை உயிரைப் போக்கும். இதன் எரிபொருள் தீயை மூட்டும். கவனியாது விடப்பட்ட எஞ்சின் பயிர் வாடும் வேளையில் நின்றுவிடும். இம்மூன்று தீமைகளும் தடுக்கக்கூடியவை.

கிணற்றினுள் எஞ்சினை இறக்கலாகாது

பம்பி நீரை இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றை அது அகற்ற, வெளிக்காற்றின் அமுக்கமே நீரை மேலே தள்ளுகின்றது. கணக்கின்படி இவ்வமுக்கம் நீரை ஏறத்தாழ 10 மீற்றர் உயர்த்தவல்லது. எனினும் நடைமுறையில் 6 அல்லது 7 மீற்றருக்கு மேல் நீரை உறிஞ்சுதல் அரிது. வடகீழ்ப் பருவமழைக்கு முந்திய ஆவணி, புரட்டாதி மாதங்களில் கிணற்று நீர் இவ்வளவுக்குக் கீழே செல்லும்போது, எஞ்சினைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றினுள் இறக்கிவைக்கும் எண்ணம் சிலருக்கு எழுகின்றது. இஃது உயிருக்கு உலைவைக்கும் செயலாகும்.

எஞ்சினின் புகையில் காபனோரொட்சைட்டு எனும் நச்சுவாயு உண்டு. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் இது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலான வலிமையுடன் சேர்வதால், சுவாசிப்பவரின் குருதி ஒட்சிசனைச் சுமக்க இயலாததாகின்றது. திறந்த வெளியில் காற்று இவ்வாயுவைக் கலைத்துவிடும். கிணற்றினுள் காற்றோட்டம் இன்மையால் புகை அங்கேயே தேங்கும். எஞ்சினை நிறுத்திய பின்னரும் நெடுநேரம் நிற்கும். எஞ்சினை இயக்கிவிட்டு மேலே வந்தவர், அதனை நிறுத்தவோ எரிபொருள் இடவோ மறுமுறை இறங்கும்போது உயிரிழக்க நேர்வது இதனாலேயே.

விளக்கையோ மெழுகுதிரியையோ இறக்கிப் பார்த்து, அது அணையாவிடின் அச்சமில்லை எனக் கருதுவோர் உளர். விளக்கு எரிதல், அங்கு ஓரளவு ஒட்சிசன் உண்டு என்பதை மாத்திரமே காட்டும்; காபனோரொட்சைட்டைக் காட்டாது. பெற்றோல் ஆவி அங்கிருப்பின் விளக்கே தீயை மூட்டிவிடும். புகைபோக்கியில் குழாய் பூட்டி மேலே விடுதலும் போதிய பாதுகாப்பன்று. பூட்டுகளில் சிறு கசிவு இருப்பினும் கிணற்றினுள் நஞ்சு நிறையும்.

ஆகவே எஞ்சின் எப்போதும் தரையில், திறந்த வெளியில் இருத்தல் வேண்டும். கொட்டிலில் வைப்பதாயின் அதன் பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். நீர் எட்டாவிடின் முதலில் உறிஞ்சு குழாயின் கசிவுகளை அடைத்து, தேவையற்ற வளைவுகளை நீக்குக. சிறிது நேரம் இறைத்து, ஊற்று ஊறிய பின் மீண்டும் இறைக்கலாம். மின்வசதியுள்ளோர் தகுதிபெற்ற மின்வினைஞரைக் கொண்டு, நீரில் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பியைப் பொருத்தலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பகுதிகளில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதனால், அடிமட்டும் இறைத்தல் கிணற்றை உவராக்கவும் கூடும் என்பதை மறத்தலாகாது.

ஒருவர் கிணற்றினுள் மயங்கினால்

தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, கால் தளர்தல் என்பன நஞ்சேறுதலின் முதல் அறிகுறிகள். இவற்றை வெயிலின் களைப்பு என எண்ணி இருந்துவிடாது, உடனே புகையை விட்டு அகலவேண்டும்.

கிணற்றினுள் ஒருவர் விழுந்து கிடக்கக் கண்டால், மனம் எவ்வளவு பதறினும், அவரைத் தூக்க எவரும் இறங்கலாகாது. தந்தையைக் காக்க மகனும், மகனைக் காக்க அயலவரும் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக மாளுதல் இவ்விபத்தின் இயல்பு. முகத்தில் ஈரத்துணி கட்டுதல் பயன் தராது. இவ்வாயு துணியை ஊடுருவிச் செல்லும். உரத்துக் கூவி உதவி கோருக. 1990 எனும் இலக்கத்தில் நோயாளர் காவு வண்டியையும், 119 எனும் இலக்கத்தில் பொலிசாரையும் அழைக்குக. அவர் உணர்வுடன் இருப்பின் கயிற்றை இறக்கி, உடலிற் கட்டிக்கொள்ளச் செய்து, மேலே நின்றவாறே தூக்குக. வெளியே எடுத்தவரைத் திறந்த வெளியிற் கிடத்துக. மூச்சு இல்லாவிடின், பயிற்சியுள்ளவர் செயற்கைச் சுவாசமும் மார்பு அமுக்கமும் அளித்தல் வேண்டும். அவர் தெளிந்தெழுந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் அவசியம்.

எரிபொருளைக் கையாளுதல்

பெற்றோலின் ஆவி காற்றினும் பாரமானது. அது நிலத்தையொட்டிப் பரந்து, தொலைவிலுள்ள அடுப்பிலோ சுருட்டிலோ தீப்பற்றித் திரும்பிவரக்கூடும். ஆதலால்,

1. எஞ்சினை நிறுத்தி, குறைந்தது 10 நிமிடம் ஆறவிட்ட பின்னரே எரிபொருள் இடுக.
2. புனல் கொண்டு ஊற்றுக. தாங்கியை விளிம்புவரை நிரப்பற்க. சிந்தியதைத் துடைத்து, அது உலர்ந்த பின்னரே இயக்குக.
3. எரிபொருளை உரிய மூடியுள்ள கொள்கலத்தில், வீட்டிற்கும் அடுப்பிற்கும் அப்பால், சிறுவர்க்கு எட்டாத இடத்தில் வைக்குக. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் வீட்டினுள் பெற்றோலைச் சேமித்தனர். அவ்வழக்கம் எஞ்சியிருப்பின் அதனைக் கைவிடுக.
4. பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயை விளக்கிற்கோ அடுப்பிற்கோ ஒருபோதும் பயன்படுத்தற்க. இரு கொள்கலங்களுக்கும் வெவ்வேறு நிறம் பூசி வைத்தல் நன்று.

இயக்குமுன் கவனிக்க வேண்டியவை

எஞ்சினைச் சமதரையில் வைத்து, ஒயிலின் அளவை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். ஒயில் குறைந்து இயங்கும் எஞ்சின் சிறிது நேரத்திலேயே இறுகிவிடும். அடுத்து, பம்பியின் வாயில் நீர் நிரப்புக. நீரின்றிச் சுழலும் பம்பியில், நீர்க்கசிவைத் தடுக்கும் அடைப்பு சூடேறிப் பழுதாகும். நிரப்பிய நீர் நில்லாது இறங்கிவிடின் அடிவால்வில் குப்பை சிக்கியிருத்தல் கூடும். இழுகயிற்றை இழுக்குமுன் சாரத்தைச் செம்மையாகக் கட்டி, தோளிலுள்ள சால்வையை அகற்றிவிடுக.

மண்ணெண்ணெயில் இயங்கும் எஞ்சினைப் பெற்றோலில் தொடக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓடவிட்டால், மறுநாள் எளிதில் தொடங்கும். சூடேறாத எஞ்சினில் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைக் கடந்து இறங்கி, ஒயிலை நீர்க்கச் செய்யும். ஆதலால் இவ்வெஞ்சின்களில் ஒயிலை அடிக்கடி மாற்றுதல் வேண்டும்.

பேணும் முறை

ஓடிய மணித்தியாலங்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நற்பழக்கம். நாலடிப்பு எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும் ஒழுங்கு வருமாறு:

புதிய எஞ்சினின் ஒயிலை முதல் 20 மணித்தியாலத்தின் பின்னும், அதன்பின் 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் மாற்றுக. எஞ்சின் இளஞ்சூடாயிருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வெளியேறும். கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்றற்க. அது மண்ணினூடாகக் கிணற்றை அடையும்.

காற்றுவடியை 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், தூசி மிகுந்த காலத்தில் அதனினும் விரைவாகவும் துப்புரவு செய்க. பஞ்சுவடியைச் சவர்க்கார நீரில் அலசி உலர்த்தி, சில துளி ஒயில் இட்டுப் பிழிந்து பூட்டுக. கடதாசிவடியை நனைக்கலாகாது, தட்டித் தூசியை அகற்றுக.

பிளக்கை 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க. அதன் இடைவெளி பொதுவாக 0.7 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். அதன் முனை இளங்கபில நிறமாயின் எஞ்சின் நலமாக உள்ளது. உலர்ந்த கரி படிந்திருப்பின் காற்றுவடி அடைபட்டிருக்கலாம். ஒயில் ஊறியிருப்பின் பிஸ்டனின் வளையங்கள் தேய்ந்திருக்கலாம்.

எஞ்சினில் எதனைத் திருத்துமுன்னும் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுக. தயாரிப்பாளரின் கைந்நூலில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுக.

போகம் முடிந்தபின்

மாதக்கணக்கில் தேங்கிய பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். ஆகவே தாங்கியை வடித்து, எரிபொருட் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை திறந்த வெளியில் ஓடவிடுக. எஞ்சின் ஆறிய பின் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, இழுகயிற்றை இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்து, பிளக்கை மீண்டும் பூட்டுக. பம்பியிலுள்ள நீரை வடித்து, எலி அண்டாத உலர்ந்த இடத்தில் வைக்குக.

ஓர் எஞ்சின் பழுதானால் அதனைத் திருத்தலாம். தவறின் வேறொன்றை வாங்கலாம். அதனை இயக்கியவர் மாண்டால் அவ்வீட்டிற்கு ஈடு செய்வார் எவருமிலர். கிணற்றுக்கட்டைத் தாண்டி எஞ்சின் உள்ளே செல்லலாகாது என்பதை வீட்டார்க்கும் கூலியாட்களுக்கும் இன்றே எடுத்துரைக்குக. மேலும் விபரம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறிக.