உங்களுக்குத் தெரியுமா? ரிமோட் டூரிங் கார்

● நிஜக் காரைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம், அகலம், உயரம் மூன்றுமே குறைகின்றன. அதனால் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 1,350 கிலோ கார் 1.35 கிலோ! பந்தயத்தில் ஓடும் 1/10 அளவு ரிமோட் டூரிங் காரின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் வேகம் மட்டும் அப்படிச் சுருங்குவதில்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

● 5 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் திரும்பினால், காரைப் பாதையில் பிடித்துவைக்க அதன் எடையைப் போல இரண்டு மடங்கு விசை தேவை. சுத்தமான பந்தயத் தளமும் நல்ல ரப்பர் டயரும் இருந்தால்தான் அது கிடைக்கும். புழுதி படிந்த சிமெண்ட் தரையில் 20 கி.மீ.யைத் தாண்டும்போதே வழுக்கத் தொடங்கிவிடும். வாங்கின மறுநாளே பெரிய மோட்டார் தேடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

● ஜப்பானின் டாமியா நிறுவனம் தன் முதல் ரிமோட் காரை 1976-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. போர்ஷே 934-இன் 1/12 மாதிரி அது. அதை வடிவமைப்பதற்காக ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார்கள்!

 

● கோவை கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்தது சாதாரண மாருதி 800 எஞ்சின். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் தொடக்கக் காலத்தில் ஓட்டியது இந்தக் காரைத்தான். எஞ்சின் சிறியதாக இருந்தால் வளைவில் வேகத்தை இழக்காமல் ஓட்டக் கற்றே ஆகவேண்டும். சிறிய மோட்டார் ரிமோட் காரிலும் அதே பாடம்தான்.

● டயர் ரப்பரின் கடினத்தை எண்ணால் குறிப்பார்கள்: 28, 32, 36 என்று. எண் ஏற ஏற ரப்பர் கடினம். குளிர்ந்த தளத்துக்கு மென்மையான டயர் வேண்டும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்த்தளத்தில் அது மாவாகக் குழைந்து தேய்ந்துபோகும். நம் பக்கத்துக்கு 36 பொருந்தும். ஓட்டுவதற்கு முன் டயரில் ஒட்டிய செம்மண்ணைத் துடையுங்கள். காசு செலவில்லாத மாற்றம் இதுதான். பலனும் இதில்தான் அதிகம்.

● வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? ஸ்டியரிங்கைத் திருகுவதற்கு முன் ஒரு சோதனை. காரைச் சமதளத்தில் வைத்து, முன்பக்க நடுவில் கத்திமுனையைக் கொடுத்து மெதுவாகத் தூக்குங்கள். இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் எழவேண்டும். ஒன்று முந்தினால் காரின் அடித்தட்டான சேஸி முறுக்கியிருக்கலாம், இல்லையென்றால் ஸ்பிரிங்குகளின் அழுத்தம் சமமில்லை. மேல்தட்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, சேஸியைச் சமதளத்தில் அழுத்திப் பிடித்து மறுபடி முடுக்கினால் பல நேரம் சரியாகிவிடும். பின்பக்கத்தையும் இதேபோல் பார்க்கவேண்டும்.

● வளைவில் வண்டி திரும்பாமல் நேராகவே போனால் முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், அல்லது பின் ஸ்பிரிங்கைக் கடினமாக்குங்கள். பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனால் இதற்கு நேர் எதிர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். நான்கைந்தைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை பிடிபடாது.

● பந்தயத்தில் சேஸிக்கும் தரைக்கும் இடைவெளி 5 மி.மீ. அளவுதான். நம் தெருத் தரையில் அப்படி வைத்தால் ஒவ்வொரு கல்லும் இடிக்கும். 7, 8 மி.மீ. வையுங்கள். சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருப்பதுதான் நெகட்டிவ் கேம்பர். ஒன்றிலிருந்து இரண்டு டிகிரி போதும்.

● தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க லாரியை நியூட்ரலில் விடுவது எவ்வளவு ஆபத்து என்று தர்மபுரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ரிமோட் காரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலும் இதே வேலையைச் செய்யும் 'டிராக் பிரேக்' என்ற அமைப்பு உண்டு. ரிமோட்டின் டிரிக்கரை விட்டதும் மோட்டார் லேசாகத் தடுக்கும். எடை முன்னுக்குச் சாயும். முன் டயர் அழுந்திப் பிடிக்க, வண்டி எளிதாகத் திரும்பும். அளவு மீறினால் பின்பக்கம் இலகுவாகி வண்டி சுழன்றுவிடும்.

● ஷாக் அப்சார்பரில் ஊற்றுவது சிலிக்கான் எண்ணெய். வெப்பத்தால் அது இளகுவது சாதாரண எண்ணெயைவிடக் குறைவு, ஆனாலும் இளகும். காலையில் சரியாக ஓடிய வண்டி நண்பகலில் துள்ளினால் ஒரு படி கெட்டியான எண்ணெய்க்கு மாறுங்கள்.

● இரண்டு செல் லிப்போ பேட்டரி முழு சார்ஜில் 8.4 வோல்ட். எந்த ஒரு செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்; உப்பிப்போன பேட்டரியை எக்காரணம் கொண்டும் மறுபடி சார்ஜ் போடாதீர்கள்.