கை நழுவிய வீடும் கலங்காத மனமும்



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாசின் பட்டணத்தில் ஒரு வீட்டைப் பார்க்கிறோம். மூன்று அறைகள். பின்னால் துணி காயப்போட இடம். வாசலில் ஒரு மாமரம். வீட்டு அம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. சாமி மேடையை எந்தப் பக்கம் வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டார். "பிள்ளைகளைக் கலந்து பேசிச் செவ்வாய்க்கிழமை சொல்கிறோம்" என்று தரகரிடம் கூறிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்புகிறோம். திங்கட்கிழமை மாலை தொலைபேசி வருகிறது. வீடு வேறொருவருக்கு முடிந்துவிட்டதாம்.

இது முதல் வீடாக இருந்தால் பரவாயில்லை, மூன்றாவது வீடு. அன்றிரவு லயத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. "நீங்கள்தான் தாமதம் செய்தீர்கள்" என்கிறார் மனைவி. "உன் அண்ணனைக் கேட்க வேண்டும் என்று நீதானே சொன்னாய்?" என்கிறார் கணவர். வேலை ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம்தான் இருக்கிறது. அதற்குள் தோட்டத்து வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்றார்கள் பெரியோர். வீட்டை வாங்கிப் பார் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். வீடு தேடும்போது வரும் இந்தச் சலிப்பையும் கோபத்தையும் எப்படிச் சமாளிப்பது என்பதையே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

முதலில், இந்தச் சலிப்பு நம்மை ஏன் இவ்வளவு ஆழமாகத் தாக்குகிறது என்று பார்ப்போம். மலாயாவில் வாணிப முறையில் முதன்முதலாக ரப்பர் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்பவர். 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டம் போட்டார். அதன்பின் நாடெங்கும் எழுந்த தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் வெட்டினார்கள். பின்னர் செம்பனையும் வந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த வீடு நமக்குச் சொந்தமாகவில்லை. தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. தோட்டத் தொழிலாளரின் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் 1990-ஆம் ஆண்டில் வந்தது. அது வேலையில் இருக்கும்வரை நல்ல கூரை வேண்டும் என்கிறது. அந்தக் கூரை நமக்கு உரிமை என்று சொல்லவில்லை.

ஆகவே, மற்றவருக்கு வீடு கை நழுவினால் அது ஒரு வீடு போனது. நமக்கோ காலடியில் தரையே போனதுபோல் தோன்றுகிறது. இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அச்சத்தோடு, "நமக்குக் கொடுப்பினை இல்லை, நாம் கையாலாகாதவர்கள்" என்ற எண்ணமும் சேர்ந்து வருகிறதே, அதைத்தான் நாம் களைய வேண்டும். வீடு கிடைக்காமல் போவது நம் தகுதிக் குறைவினால் அல்ல, பெரும்பாலும் கூட்டத்தினால்தான்.

எந்தக் கூட்டம்? நாட்டில் விற்காமல் கிடக்கும் வீடுகளும் ஆயிரக்கணக்கில் உண்டு என்று பத்திரிகையில் படிக்கிறோம். அது உண்மை. ஆனால் அவற்றில் பல நம் கைக்கு எட்டாத விலையில் இருப்பவை, அல்லது நாம் போய்க் குடியிருக்க முடியாத இடத்தில் இருப்பவை. குறைந்த விலையில், பட்டணத்துக்கும் பள்ளிக்கும் அருகில், தரையோடு அமைந்த வீடு வந்தால் எல்லாருக்கும் அதன்மேல்தான் கண். ஆயர் குரோ, பத்து பிரண்டாம், செங் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இளம் தம்பதியரும் அதையே தேடுகிறார்கள். சிங்கப்பூரில் சம்பாதிப்பவரும் தேடுகிறார். 2008-இல் மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விட வீடு வாங்குவோரும் உண்டு. ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் நின்றால் ஒன்பது பேர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இது கணக்கு, தலையெழுத்தன்று.

அடுத்து, கூட்டத்தில் நமக்கு முன்னே நிற்பவர் யார் என்று கவனிப்போம். அதிக விலை கொடுப்பவரே எப்போதும் வெல்வதில்லை. பழைய வீடு விற்பவருக்கு ஒரு பயம் உண்டு. ஒப்பந்தம் போட்டபின் மீதிப் பணம் வர வழக்கமாக மூன்று மாதமும், அதற்குமேல் ஒரு மாதத் தவணையும் ஆகும். வாங்குபவருக்கு வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் விற்பவருக்கு அந்தக் காலமெல்லாம் வீண். ஆகவே, பணம் நிச்சயமாக வரும் என்று காட்டுபவரையே அவர் விரும்புவார். இங்குதான் நம்மால் ஆகக்கூடிய காரியம் இருக்கிறது.

வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே வங்கிக்குப் போக வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், ஊழியர் சேமநிதி அறிக்கை ஆகியவற்றை ஒரு கோப்பில் வைத்து, நமக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டறியலாம். பழைய மோட்டார் சைக்கிள் தவணையில் பாக்கி இருந்தாலும் நம் பெயரில் அது பதிவாகியிருக்கும். முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாமல் சிறு வியாபாரமோ கூலி வேலையோ செய்யும் பிள்ளைகளுக்கு, அரசாங்கம் வங்கிக்கு உத்தரவாதம் தரும் எஸ்.ஜே.கே.பி. என்ற திட்டம் உண்டு. அதைப் பற்றியும் வங்கியில் விசாரிக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். வீட்டின் விலை 180,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு, அதாவது 18,000 வெள்ளி நம் கையிலிருந்து வர வேண்டும். மீதி 162,000 வெள்ளி கடன். ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக் கடனானால் மாதம் சுமார் 773 வெள்ளி. அதே கடனை 15 ஆண்டில் கட்டுவதானால் மாதம் சுமார் 1,198 வெள்ளி. வங்கிகள் பொதுவாகக் கடன் வாங்குபவருக்கு 70 வயது ஆவதற்குள் கடன் முடியும்படி பார்த்துக்கொள்கின்றன. ஆகவே 55 வயதுக்காரர் தனியாகக் கேட்டால் அவருக்குக் கிடைப்பது இரண்டாவது கணக்குதான். சம்பாதிக்கும் மகனோ மகளோ சேர்ந்து கடன் கேட்டால் காலம் நீள வாய்ப்புண்டு. ஆனால் கிராண்டில் யார் யார் பெயர் வரும், மற்றப் பிள்ளைகளுக்கு என்ன என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். வீடு வாங்கிய பிறகு பேசினால் உடன்பிறப்புகளுக்குள் பகை வரும்.

ஊழியர் சேமநிதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குக் குறைந்தவர்களின் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதில் செஜாத்ரா கணக்கிலுள்ள பணத்தை வீட்டுக்காக எடுக்கலாம். ஆனால் அதற்கு வாங்கும் ஒப்பந்தமும் கடன் கடிதமும் காட்ட வேண்டும். ஆகவே முதல் பணம் கையிருப்பிலிருந்துதான் வர வேண்டும். இதை அறியாமல் "சேமநிதி இருக்கிறதே" என்று நம்பிப் போய் வீட்டை இழந்தவர்கள் உண்டு.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். வீடு கை நழுவினால் மனம் நோகும், பணம் போகாது. பணம் போவது அதற்கு அடுத்த வாரத்தில்தான். மூன்று வீடு போன ஆத்திரத்தில், நான்காவது வீட்டை விடக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு முன்பணம் கொடுக்கிறோமே, அப்போதுதான் ஏமாறுகிறோம். "இன்றைக்கே கட்டுங்கள், வெளியே இரண்டு பேர் நிற்கிறார்கள்" என்று ஒருவர் சொன்னால் அவசரம் அவருக்கு, ஆபத்து நமக்கு.

ஆகவே சில விதிகளை மனம் அமைதியாக இருக்கும்போதே எழுதிச் சுவரில் ஒட்டி வைப்போம். தரகர் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று அவருடைய அட்டையிலுள்ள எண்ணைக் கேட்போம். முன்பணத்தைத் தனி ஆளின் கணக்கில் போடாமல், பதிவு பெற்ற நிறுவனத்தின் கணக்கில் போட்டு ரசீது வாங்குவோம். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வாசகத்தை எழுத்தில் கேட்போம். புதிய வீடானால், 1966-ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டமும் அதன் விதிகளும் நமக்குக் காவல். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே 'புக்கிங்' பணம் வசூலிப்பதற்கு அந்த விதிகள் இடம் தரவில்லை. மேம்பாட்டாளருக்கு உரிமம் உண்டா என்பதை வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் படித்த பிள்ளை ஒன்று போதும்.

நிலத்தின் விவரத்தை மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடிப் பார்க்கலாம். மலாக்காவில் இது மிக அவசியம். எம்.சி.எல். என்று குறிக்கப்படும் மலாக்கா வழமை நிலத்தைப் பொதுவாக மலாய்க்காரர் அல்லாதாருக்கு மாற்றித் தர இயலாது. பூமிபுத்ராவுக்கு ஒதுக்கப்பட்ட வீடானாலும், 99 ஆண்டுக் குத்தகை நிலமானாலும் பெரும்பாலும் மாநில அரசின் அனுமதி வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். விலை மலிவாக இருக்கிறதே என்று மனத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கலங்குவதைவிட, முதலில் கிராண்டைப் பார்த்துவிட்டு மனத்தைக் கொடுப்பது நல்லது.

முன்பணத்துக்காக வட்டிக்காரரிடம் போகக் கூடாது. கூட்டுப் பிடித்துச் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கூட்டு நடத்துவது 1971 முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டது. பிடித்தவர் ஓடிவிட்டால் கேட்பதற்கு நாதியில்லை. லெலோங் வீடு மலிவுதான். ஆனால் குறித்த நாளுக்குள் மீதிப் பணம் கட்டாவிட்டால் பத்து விழுக்காட்டு வைப்புப் பணம் போய்விடும். கடன் உறுதியாகத் தெரியாமல் அங்கே கை தூக்கக் கூடாது.

வீட்டுக்குள் செய்ய வேண்டியதும் உண்டு. வேலையைப் பிரித்துக்கொள்வோம். மகள் விளம்பரம் பார்க்கட்டும். அப்பா வங்கிக்குப் போகட்டும். அம்மா அக்கம்பக்கத்தை விசாரிக்கட்டும். மாமன், சித்தப்பா கருத்தைத் தேடத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுவோம். வீட்டைப் பார்த்த பிறகன்று. எவ்வளவுக்குமேல் போவதில்லை என்ற தொகையையும், எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதையும் முன்பே எழுதிக்கொள்வோம். மாமரம் இல்லாவிட்டால் என்ன, நாம் நட்டால் வளராதா? ஆசகான், செலண்டார், பத்தாங் மலாக்கா போன்ற சற்றுத் தள்ளிய ஊர்களையும் ஒருமுறை போய்ப் பார்ப்போம். மலிவு விலை வீட்டுக்கு மாநில அரசிடம் பெயர் பதிந்து, முகவரி மாறினால் மறவாமல் தெரிவிப்போம்.

ஒரு வீடு போனால், ஒரு வாரம் தேடலை நிறுத்தி வைப்போம். அந்த வாரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "கடன் தாமதமா, விலையா, கிராண்டா, அல்லது வெறும் கூட்டமா?" காரணம் நம் கையில் இருந்தால் திருத்திக்கொள்வோம். இல்லையென்றால் அதை விட்டுவிடுவோம். "யாரால் போனது?" என்ற கேள்வி மட்டும் வேண்டாம். ஓய்வு நாள் நெருங்கிவிட்டால் ஒரு வருடம் வாடகைக்கு இருப்பதும் தோல்வியன்று. அவசரத்தில் வாங்கிய தவறான வீட்டுக்கு முப்பது வருடம் தவணை கட்டுவதைவிட அது மேல்.

1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. தனி ஒருவரால் ஓர் ஏக்கர்கூட வாங்க முடியாத தொழிலாளர்கள், சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அதற்குத் தேவைப்பட்டது பெரும் செல்வமன்று. பொறுமையும், ஒழுங்கான கணக்கும், ஒருவரையொருவர் பழிக்காத மனமும்தான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் ஆசை. அது நிறைவேறும் நாள்வரை, இருக்கும் லயத்து வீட்டில் இரவுச் சோறு சண்டையில்லாமல் இறங்கட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் புறப்படும்போது அந்தக் கோப்பை மறவாமல் கையில் எடுத்துக்கொள்வோம்.