குலுக்கலில் யாருக்கு அதிர்ஷ்டம்?

குலுக்குச் சீட்டை அறியாத குடும்பம் நம்மிடையே அபூர்வம். 20 பேர் சேர்ந்து மாதந்தோறும் ஆளுக்கு 1,000 ரூபாய் கட்டுகிறார்கள். பெயர்களை எழுதிச் சொம்பிலே போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். பெயர் வந்தவருக்கு 20,000 ரூபாய். எடுத்த சீட்டு மறுபடி சொம்புக்குள் போவதில்லை.

முதலில் பெறுகிறவர் வட்டியில்லாமல் கடன் வாங்கியவராகிறார். கடைசியில் பெறுகிறவரோ வட்டியில்லாமல் கடன் கொடுத்தவராகிறார்! பெண்ணின் கல்யாணத்துக்கு இப்பணத்தை நம்பியிருக்கும் தாய்க்கு இது சாமான்ய விஷயமா?

"முதல் மாதம் 20 பேர் போட்டி, போகப் போகப் போட்டி குறைகிறது. ஆகையால் முன்னால் கிடைப்பது துர்லபம், பின்னால் கிடைப்பதே சுலபம்" என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் மாதம் நம் பெயர் வருவதற்கு 20-ல் 1 பங்கு சந்தர்ப்பம். இரண்டாம் மாதம் வரவேண்டுமானால், முதல் மாதம் நம் பெயர் வராதிருக்க வேண்டும். அதற்கு 20-ல் 19 பங்கு. பிறகு, மிஞ்சிய 19 சீட்டுகளில் நம்முடையது வரவேண்டும். அதற்கு 19-ல் 1 பங்கு. இரண்டையும் பெருக்கினால் 19-க்கு 19 அடிபட்டுப்போய், மறுபடியும் 20-ல் 1 தான்! எந்த மாதத்துக்குக் கணக்கிட்டாலும் விடை இதுவே. பத்து மாதம் காத்திருந்தவருக்கு அடுத்த மாதம் 10-ல் 1 பங்கு என்பது மெய்தான். ஆனால் முதல் பத்து மாதங்களை அவர் இழந்துவிட்டார் அல்லவா?

ஆனால் இந்த நியாயமெல்லாம் சீட்டுகள் நன்றாகக் கலந்திருந்தால்தான் செல்லும். 1969-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, வியட்நாம் யுத்தத்துக்கு இளைஞர்களை அழைப்பதற்காக அமெரிக்க அரசாங்கம் 366 பிறந்த தேதிகளைச் சிறு குப்பிகளில் அடைத்துக் குலுக்கல் நடத்தியது. மாதவாரியாகச் சேர்த்த குப்பிகளைச் சரிவரக் கலக்கவில்லை. கடைசியாகச் சேர்ந்த டிசம்பர் மாதத்தின் 31 தேதிகளில் 26 தேதிகள் முதற் பாதியிலேயே வெளிவந்துவிட்டன. 195-வது எண் வரையில் பெற்றவர்களுக்குப் படையில் சேர அழைப்புப் போயிற்று. மறு வருஷக் குலுக்கலில் தேதிகளை ஓர் உருளையிலும் எண்களை மற்றோர் உருளையிலும் போட்டுச் சுழற்றி எடுத்தார்கள்.

ஆகவே, சகோதரிகளே! சீட்டுகளை ஒரே அளவாகக் கத்தரித்து, ஒரே மாதிரி மடித்து, எல்லோரும் பார்க்கச் சொம்பை நன்றாகக் குலுக்குங்கள். அதிர்ஷ்டத்தை நம்மால் மாற்ற முடியாது. அது எல்லோருக்கும் சமமாயிருக்கும்படி செய்யலாம்.